பாடம்: ஸ்கொட்லாந்து

“புத்தகம் விக்கிறதுக்கும் ஒரு படிப்போ பிள்ளை? வெண்டிக்காய் விக்கிறவன் எங்கை போய்ப் படிச்சவன்?”

இப்படிக் கேட்டவர், பேர்லின் நகரத்திலேயே மிக அதிகமான புத்தகங்களைத் தூக்கியவர். மிகக் குறைவான புத்தகங்களைத் திறந்தவரும் அவரே. இரண்டு சாதனைகளிலும் அவரை முந்த இன்னும் ஆள் பிறக்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் நொய்கெல்ன் வட்டாரத் தமிழர் யாருக்குமே தெரியாது என்று நினைக்கிறேன். பெட்டியண்ணை என்றால் முருகன் கோயில் ஐயர் முதல் மரக்கறிக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். என் அப்பா அவரை அண்ணை என்பார். நானும் அண்ணை என்பேன். ஒரே ஆள் தகப்பனுக்கும் மகளுக்கும் அண்ணையாக இருப்பது என்ன முறை என்று அம்மா ஒரு நாள் கேட்டாள். “அது உறவில்லை, உத்தியோகம்” என்றார் அப்பா.

உண்மையான உத்தியோகம் வேறு. ஜெர்மனியில் ஒரு புத்தகக் கடையில் இன்று மாலை ஒரு புத்தகம் கேட்டால், பெரும்பாலும் நாளைக் காலை வந்துவிடும். மொத்த வியாபாரியின் கிடங்கிலிருந்து வான்கள் புறப்பட்டு, பிளாஸ்ரிக் பெட்டிகளில் அடுக்கிய புத்தகங்களைக் கடை கடையாக இறக்கிவிட்டுப் போகும். கடை திறக்கும் முன்பே வருவதால் சாரதியிடம் ஒவ்வொரு கடையின் சாவியும் இருக்கும். பெட்டியண்ணையின் இடுப்பில் அந்தச் சாவிகள் ஒரு பெரிய வளையத்தில் தொங்கும். அவர் வருவது தெருமுனையிலேயே கேட்டுவிடும்.

எங்கள் கடை அவருடைய வழியில் கடைசி. பெட்டிகளை இறக்கினால் அவருக்கு வேலை முடிந்தது. எனக்கு அப்போதுதான் தொடங்கும். பயிற்சிக்காரி என்பதால் பெட்டி பிரிப்பது என் பொறுப்பு. அவர் ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்துவைத்து, அதில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு, நான் குனிந்து நிமிர்வதைப் பார்த்தபடி அபிப்பிராயம் சொல்வார். கேட்காமலே சொல்வார்.

வெண்டிக்காய்க் கேள்வியை என் முதல் நாளிலேயே கேட்டுவிட்டார். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மற்றப் பிள்ளைகள் கூட்டல் கழித்தல் படித்த வயதில் அப்பா கரைவலை இழுத்தார். அம்மாவின் பள்ளிக்கூடம் ஓர் இடப்பெயர்வோடு போனது, திரும்பி வரவில்லை. அந்த வீட்டிலிருந்து நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, புத்தக விற்பனையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் சேர்ந்திருந்தேன். வாரத்தில் சில நாள் கடை, சில நாள் பள்ளிக்கூடம், மூன்று வருடம், முடிவில் பரீட்சை. கோயிலில் ஆன்ரிமார், “ஏன் பிள்ளை, டொக்டருக்கு இடம் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டதையே நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை. அதற்குள் வெண்டிக்காய்!

“அண்ணை, வெண்டிக்காயெண்டா நுனியை முறிச்சுப் பாத்து வாங்கலாம். புத்தகத்தை முறிச்சுப் பாக்க ஏலுமோ?” என்றேன்.

“ஏலாது” என்றார், தேநீரை ஊதிக்கொண்டே. “ஆனாத் தூக்கிப் பாக்கலாம்.”

தூக்கித்தான் பார்ப்பார். அவருடைய இலக்கிய விமர்சனம் முழுவதும் மணிக்கட்டில் இருந்தது. ஒரு புத்தகத்தை உள்ளங்கையில் வைத்து மெதுவாக இரண்டு தரம் ஏற்றி இறக்குவார். மீன் வாங்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். பிறகு தீர்ப்பு வரும். “இது நல்ல புத்தகம். பாரம் இருக்கு.” கவிதைத் தொகுதிகளை அவரால் மன்னிக்கவே முடியவில்லை. “உதென்ன, தும்மினாப் பறக்கும். உதுக்குப் போய் உவ்வளவு விலையோ?” வழவழப்புத் தாளில் படங்களோடு வரும் சமையல் புத்தகங்கள் முன்னால் மட்டும் பணிந்து நிற்பார். “முதுகை முறிக்கிறது எதுவோ, அதுதான் வீட்டிலை நிண்டு பிடிக்கும்.”

அவர் சொன்னதில் ஏதாவது பலித்ததா என்றால், ஒன்றுகூட இல்லை. “இது பிச்சுக்கொண்டு போகும், பாத்துக்கொண்டிரு” என்று அவர் ஆசீர்வதித்த புத்தகங்கள் எல்லாம் விற்காமல் கிடங்குக்கே திரும்பின. அவற்றைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனவரும் அவரே. நான் சுட்டிக்காட்டினால் வெட்கப்பட வேண்டுமே? “சனத்துக்குத் தூக்கிற பலமில்லை, அதுக்குப் புத்தகம் என்ன செய்யும்?” என்பார். மூன்று வருடம் விற்பனை படிக்கிற என்னிடம், என் கடையில், என் தேநீர் நேரத்தில்.

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம்மில் எல்லோரும் செய்வதுதான். பெட்டியண்ணைக்குத் தொழிலே பெட்டிகளைக் காலால் தள்ளுவது. ஆகவே ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு கும்பிடு. தள்ளுவார், குனிவார், தொடுவார், இரண்டு கண்ணிலும் ஒற்றுவார், அடுத்த பெட்டியைத் தள்ளுவார். இதைப் பல வாரம் பார்த்துக்கொண்டிருந்த மூத்த விற்பனையாளர் ஹெர் குறூகர், ஒரு நாள் என்னைத் தனியே அழைத்து, “அந்த மனிதருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு. அடிக்கடி தேய்க்கிறார். சொல்லக் கூச்சப்படுகிறார் போல” என்றார். நான் விளக்குவதற்குள் தன் சொந்தக் கண் டொக்டரைப் பார்க்க நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் எடுத்தும் கொடுத்துவிட்டார். பேர்லினில் கண் டொக்டரிடம் டெர்மின் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

“நீங்கள் போகத் தேவையில்லை அண்ணை. நான் அவருக்கு விளங்கப்படுத்துறன்” என்றேன்.

“விசரே உனக்கு? டெர்மின் கிடைச்சிருக்கு. கண் நல்லா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, போகத்தானே வேணும்?”

போனார். கண்ணாடியோடு வந்தார். அதைப் போட்டுக்கொண்டும் ஒரு புத்தகத்தையும் திறக்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய உறைப் பைத்தியம். பெட்டிகளுக்குள் புத்தகங்கள் ஆடாமல் இருக்கப் பழுப்புக் காகிதத்தைக் கசக்கித் திணித்திருப்பார்கள். அதை நாங்கள் குப்பையில் போடுவதைப் பார்த்தால் அவருடைய நெஞ்சு பதறும். “பிறவுண் பேப்பர் பிள்ளை! ஊரிலை இதுக்கு நாங்கள் கடை கடையாத் திரிஞ்சனாங்கள். பொருளாதாரத் தடைக் காலத்திலை சீமெந்துப் பையைத் தட்டித் துடைச்செல்லோ புத்தகத்துக்கு உறை போட்டது.” கசங்கிய காகிதத்தை முழங்காலில் வைத்து நீவி நீவி நிமிர்த்துவார். பிறகு கண்ணில் பட்டதற்கெல்லாம் உறை போடுவார். கடையின் விலைப்பட்டியலுக்கு உறை. காசு இயந்திரத்தின் கையேட்டுக்கு உறை. ஒட்டுப்பசை கிடையாது, மடிப்பு மட்டும்தான். “பசை போட்டாப் புத்தகத்துக்கு நோகும்.” மூலைகள் கத்தியால் வெட்டியது போல இருக்கும். எங்கள் முதலாளி ஃபிறாவ் லிண்ட்னர் பாதி வாசித்து மேசையில் வைத்துவிட்டுப் போன துப்பறியும் நாவலுக்கும் அப்படி ஓர் உறை விழுந்தது. தன் கண் முன்னாலேயே கிடந்த புத்தகத்தை அந்த அம்மா ஒரு வாரம் தேடினார். கொலைகாரன் யார் என்று தெரியாமல் அந்த வாரம் முழுவதும் எங்கள் மேல் பாய்ந்தார்.

“உனக்கு முதலாம் வகுப்பிலை ஆர் உறை போட்டது?” என்று ஒரு நாள் பெட்டியண்ணை கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வியும் பிடிக்கவில்லை. ஜெர்மன் பள்ளிக்கூடத்திலும் புத்தகத்துக்கு உறை போட்டு வரச் சொல்வார்கள். அப்பாவுக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது. ஆசிரியை சொன்னதை நான் வீட்டில் சொன்னதும், வேலை முடிந்து வந்த களைப்போடு, தபாற்பெட்டியில் கிடந்த சூப்பர்மார்க்கெற் விளம்பரத்தை எடுத்துச் சுற்றி அனுப்பினார். என் கணக்குப் புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒரு பெரிய பன்றித் தொடை, கிலோ விலையோடு. வருடம் முழுவதும் வகுப்பில் என் பெயர் ‘சலுகை விலை’. இதை நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருந்த மனிதர், “பன்றித் தொடையோ?” என்று மட்டும் கேட்டார். அன்று தேநீரை முடிக்காமல் போனார்.

என் மூன்றாம் வருடத்தில் ஸ்கொட்லாந்து வந்தது.

எங்கள் கடையில் ஒவ்வொரு மாதமும் முன் மேசையில் ஒரு நாட்டின் புத்தகங்களை வைப்போம். முதல் சனிக்கிழமை மாலையில் அயலவர்கள் வந்து, வைன் குடித்து, புத்தகம் பார்ப்பார்கள். பிரான்ஸ், இத்தாலி எல்லாவற்றையும் ஹெர் குறூகர் எடுத்துக்கொள்வார். நவம்பர் மாதத்தையும் ஸ்கொட்லாந்தையும் என்னிடம் தள்ளினார்கள். “இந்த மேசை முழுக்க உங்களுடையது” என்றார் ஃபிறாவ் லிண்ட்னர். “இதைப் பார்த்துவிட்டு, பயிற்சி முடிந்ததும் உங்களை வேலைக்கு வைத்துக்கொள்வதா என்று சொல்கிறேன்.” அதாவது, என் மூன்று வருடம் ஒரு மேசை மேல்.

“மிகச் சுலபம்” என்றார் ஹெர் குறூகர். “ஒரு விஸ்கிப் புத்தகம், ஒரு பேய் மாளிகை, கீழே கட்டம் போட்ட துணி. பத்து நிமிட வேலை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் எங்கள் கடையில் இலங்கைக்கு ஒதுக்கிய இடத்தை நான் தினமும் தூசி தட்டுகிறேன். ஒரு சுற்றுலா வழிகாட்டி, அட்டையில் யானை. ஒரு தேயிலைப் புத்தகம். ஓர் எண்ணெய் மசாஜ் புத்தகம். முடிந்தது இலங்கை. நானும் என் அப்பாவும் அம்மாவும் அந்த யானைக்கும் எண்ணெய்க்கும் நடுவில் எங்கேயோ நசுங்கிக் கிடக்கிறோம். ஒரு நாட்டைப் பத்து நிமிடத்தில் முடிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு, அவர்கள் நாட்டை யாராவது அப்படி முடித்துக் காட்ட வேண்டும். ஜெர்மனிக்கு ஒரு சொசேஜ், ஒரு கார், கீழே மஞ்சள் துணி. விடுவார்களா?

தேடத் தொடங்கினேன். தேடத் தேட அந்தச் சின்ன நாடு பெருத்துக்கொண்டே போனது. மழையில் நனைந்த நகரங்களில் அலுத்துப்போன துப்பறிவாளர்கள் பிணங்களைக் கண்டுபிடிக்கும் நாவல்கள் மட்டும் ஒரு தட்டு நிறைய வரும். அங்கே பொதுமக்கள் சும்மா வாசிப்பதற்கென்று எதைத்தான் எழுதவில்லை! கலங்கரை விளக்கம் காத்தவர்களின் கதை. ஆட்டுப் பண்ணை வாங்கி நொந்துபோன ஒருத்தியின் அனுபவம். தீவுக்குத் தீவு மாறும் கம்பளிப் பின்னல். ஓட்ஸ் மாவில் செய்யும் பலகாரம். ஏரியில் பூதம் இருக்கிறது என்று ஒரு புத்தகம், இல்லை என்று இன்னொன்று. கடல்நாய் பெண்ணாக மாறும் சிறுவர் கதை, மலை ஏறுகிறவனுக்கு வழி, தேனீ, காற்பந்து, தலை போன அரசிகள், தங்கள் கஞ்சத்தனத்தைத் தாங்களே கேலி செய்யும் நகைச்சுவைத் துணுக்குகள், வேட்டி போலக் கட்டிய ஆண்கள் குதிரையில் வந்து பெண்களைத் தூக்கிப் போகும் காதல் கதைகள். கடிக்கிற ஒரு சின்னப் பூச்சியைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம்! இவ்வளவையும் ஒரு கட்டம் போட்ட துணிக்குள் மூடச் சொல்கிறார்கள்.

“ஸ்கொட்லாந்து எண்டாப் பொலிஸ் தானே?” என்றார் பெட்டியண்ணை.

“அது ஸ்கொட்லாந்து யார்ட். லண்டனிலை அண்ணை.”

“பேந்தேன் அந்தப் பேர்?”

“எனக்குத் தெரியாது! நீங்கள் பெட்டியை இறக்குங்கோ.”

இறக்கினார். ஒவ்வொன்றாக இறக்க இறக்க அவருடைய முகம் மாறியது. கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து, “பொலிஸ் இல்லைத்தான்” என்று ஒத்துக்கொண்டார். “ஒரு பெட்டி கல்லு. ஒரு பெட்டி பஞ்சு. ஒண்டு ஆடுது, ஒண்டு அசையுதில்லை. இத்தாலி இப்பிடி இல்லை, எல்லாம் ஒரே பாரம். என்ன நாடப்பா இது?”

மூன்று வருடத்தில் அவர் சொன்ன உருப்படியான விமர்சனம் அது ஒன்றுதான். அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்: “இந்த மேசையிலைதான் அண்ணை என்ரை வேலை கிடக்கு.”

“அப்ப வடிவாச் செய்யவேணும்” என்றார். அந்த வார்த்தையில் இருந்த ஆபத்து எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளி மாலை மேசையை அடுக்கினேன். நீலக் கடல், சிவப்பு இரத்தம், பச்சை மலை, ஆட்டின் முகம், அரசியின் கழுத்து என்று ஒவ்வோர் அட்டையும் ஒரு பக்கம் இழுத்தது. தெருவில் போன ஒரு கிழவர் நின்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

சனி காலை கதவைத் திறந்தேன். மேசை முழுவதும் பழுப்பு.

ஒரு புத்தகம் தப்பவில்லை. கொலை, தேனீ, பூதம், பலகாரம், எல்லாம் ஒரே நிறத்தில், மூலைகள் கூர்மையாக, வரிசை பிசகாமல், பிரார்த்தனைக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. பசை கூடாது என்ற சட்டம் உறைக்கு மேலே செல்லாது போலும். உருண்டையான தமிழ் எழுத்தில் எல்லாத் துண்டிலும் ஒரே வாசகம்:

பெயர்: செல்வி த. தர்சிகா
வகுப்பு: மூன்றாம் வருடம்
பாடம்: ஸ்கொட்லாந்து

கைத்தொலைபேசியை எடுத்தேன். பெட்டியண்ணையைக் கூப்பிட்டேன். “அண்ணை, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?”

“இரவிரவா இருந்து உறை போட்டனான்.”

“எல்லாத்துக்குமோ?”

“ஒண்டை விட்டா மற்றதுகள் என்ன நினைக்கும்?”

“அண்ணை! எது என்ன புத்தகமெண்டு சனம் எப்பிடித் தெரிஞ்சு வாங்கும்?”

“நீ பேந்தென்னத்துக்கு மூண்டு வரியம் படிச்சனி? கேட்டாச் சொல்லன்.” கொட்டாவி விட்டார். “பின்னேரம் எல்லாரும் வைன் கையோடை வருவினம். ஊத்திப்போட்டு ‘எண்ட்ஷுல்டிகுங்’, மன்னியுங்கோ எண்டிட்டுப் போவினம். புதுப் புத்தகம் பிள்ளை. உன்ரை புத்தகம்.”

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்குள் ஃபிறாவ் லிண்ட்னர் வந்துவிட்டார்.

அந்த அம்மா மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு பழுப்புப் புத்தகத்தை எடுத்துத் திருப்பி, துண்டில் இருந்த எழுத்தை உற்றுப் பார்த்தார்.

“இது யாருடைய வேலை?”

“பெட்டி கொண்டுவருகிறவர். நல்லது என்று நினைத்துச் செய்துவிட்டார். பத்து மணிக்குள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவேன்.” அவிழ்க்கவும் தொடங்கிவிட்டேன். அந்த நேரம் பெட்டியண்ணை எதிரில் வந்திருந்தால் அவருக்கே உறை போட்டிருப்பேன்.

ஃபிறாவ் லிண்ட்னர் தொலைபேசியில் அவருடைய வான் கம்பெனியைப் பிடித்தார். சாவியை இன்றே திருப்பித் தர வேண்டும், வேறு சாரதி வர வேண்டும் என்றார். மறுமுனையில் ஏதோ சமாதானம் சொன்னார்கள் போல. “இல்லை, இல்லை. அந்த மனிதருக்குச் சம்பளம் தூக்குவதற்கு. யோசிப்பதற்கு இல்லை” என்றார்.

என் கை நின்றது.

என் அப்பா ஓர் உணவகத்துக் குசினியில் சட்டி கழுவுகிறார். ஒரு நாள் சமையல்காரனிடம், சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொன்னாராம். இதே வாக்கியம் கிடைத்தது அவருக்கு. சம்பளம் கழுவுவதற்கு. அம்மா துடைக்கும் அலுவலகத்தில் பூச்செடி வாடுகிறது என்று சொல்லி, அவளும் இதே வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவர்கள் இரண்டு பேரும் யோசிக்காமலா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள்?

மதியம் பெட்டியண்ணை வந்தார். இடுப்பு வளையத்திலிருந்து எங்கள் சாவியைக் கழற்றிச் சட்டைக் கையில் துடைத்து, ஃபிறாவ் லிண்ட்னரின் முன்னால் வைத்தார். என்னைப் பார்த்து, “உன்ரை வேலைக்கு ஒண்டும் ஆகாதே பிள்ளை?” என்று தமிழில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பிவிட்டார். எத்தனையோ வருடம் பின்கதவால் வந்து போனவர், முன்கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறி வெளியே போனார்.

நான் அவிழ்த்துப் போட்ட காகிதங்களை எடுத்து, அவிழ்த்த புத்தகங்களுக்கெல்லாம் திரும்ப உறை போடத் தொடங்கினேன்.

“என்ன செய்கிறீர்கள்?” என்றார் ஃபிறாவ் லிண்ட்னர்.

“இந்த மேசை முழுக்க என்னுடையது என்று சொன்னீர்கள்.”

“சொன்னேன். அதன் மேல் உங்கள் வேலை கிடக்கிறது என்றும் சொன்னேன்.”

“மறக்கவில்லை” என்றேன். மறந்துவிட்டால் நன்றாக இருந்திருக்கும். அவசரத்தில் நான் போட்ட உறைகள் மோதகம் போல உப்பிக்கொண்டு நின்றன. அவர் போட்டவற்றின் பக்கத்தில் வைக்கவே வெட்கமாக இருந்தது.

மாலையில் சனம் வந்தது. மேசையைச் சுற்றி நின்று விழித்தது. “ஸ்கொட்லாந்து எங்கே?” என்று ஒருவர் கேட்டார். “இதுதான்” என்றேன். “நீங்கள் எப்படிப்பட்டவர் என்று சொல்லுங்கள். நான் எடுத்துத் தருகிறேன்.”

அப்போதுதான் ஒரு பயங்கரமான உண்மை தெரிந்தது. எது எது என்று எனக்கே தெரியவில்லை! எல்லாம் பழுப்பு, எல்லாவற்றிலும் என் பெயர். பிரித்துப் பார்த்தால் மானம் போகும். வேறு வழியில்லாமல் ஒன்றை உள்ளங்கையில் வைத்து மெதுவாக ஏற்றி இறக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. இது வழவழப்புத் தாள், சமையல். இது பஞ்சு, மலிவுத் தாள், கொலை. இது அகலம், பாரமில்லை, பின்னல். மூன்று வருடமாக அந்த மனிதர் என் முன்னால் உட்கார்ந்து ஏற்றி இறக்கியது எனக்குத் தொற்றியிருந்தது. இதற்காகவும் நான் அவரை மன்னிக்கவில்லை.

ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் உள்ளே இருப்பதைச் சொல்வேன். அவர் பிரித்துப் பார்த்துச் சிரிப்பார். அடுத்தவர் கையை நீட்டுவார். விஸ்கி கேட்டு வந்தவர் ஆட்டுப் பண்ணையோடு போனார். பேய் கேட்ட பெண்ணுக்குக் கலங்கரை விளக்கம் கொடுத்தேன்; பேய் எதற்கு, அந்தத் தனிமையே போதும் என்றேன்; வாங்கினாள். எல்லாம் சரியாகப் போகவில்லை. ஓய்வுபெற்ற ஒரு போதகருக்குப் பழைய தேவாலயங்கள் என்று நினைத்து நான் கொடுத்தது, சட்டையில்லாத குதிரைவீரனின் காதல் கதை. அவர் வீட்டில் போய்த்தான் பிரித்திருக்கிறார். அடுத்த வாரம் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டார்.

இரவு மேசையில் மிஞ்சியது பூதம் இல்லை என்ற புத்தகம் மட்டும்தான். வைன் இரண்டு இடத்தில் ஊற்றுப்பட்டிருந்தது. உறையில்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் சாந்தமாக இருந்திருப்பேன். எங்கள் வட்டாரப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது: ‘கடை உரிமையாளரின் இனிய யோசனை’. உரிமையாளரின்! திங்கட்கிழமை ஃபிறாவ் லிண்ட்னர் என்னை அழைத்து வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லி, அதே மூச்சில், “அடுத்த மாதம் அயர்லாந்து. அந்த மனிதர் வந்து இதேபோல உறை போட்டுத் தருவாரா? பணம் கொடுக்கலாம்” என்றார்.

“யோசிப்பதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை என்று சொன்னீர்களே” என்றேன்.

அந்த அம்மா சிவந்தார். கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்து, அவரைத் திரும்ப அனுப்பச் சொல்லியும் பார்த்தார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் பெட்டியண்ணையை நகரத்தின் மறுமுனையில் மருந்துக் கடைகளுக்குப் பெட்டி இறக்கும் வழிக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். கோயிலில் கண்டபோது துக்கம் விசாரித்தேன். “மருந்துக்குப் பாரமே இல்லைப் பிள்ளை” என்றார், அவமானப்பட்டவர் போல. “அதெல்லாம் மனுசர் தூக்கிற சாமானோ?”

பரீட்சையில் தேறினேன். இரண்டு வருடம் அந்தக் கடையிலேயே வேலை செய்தேன். இலங்கை மேசை ஒன்று வைக்க மூன்று தரம் கேட்டேன். அந்த நாட்டுக்கு ஒரு மேசை நிறையுமா என்று மூன்று தரமும் ஹெர் குறூகர் சந்தேகப்பட்டார். அந்த மூன்றாவது சந்தேகத்தோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

போன மாதம் நானும் என்னோடு படித்த ஒருத்தியும் நொய்கெல்னில், கைத்தொலைபேசி திருத்தும் கடையாக இருந்த ஒரு சின்ன இடத்தை வாடகைக்கு எடுத்துக் கையெழுத்துப் போட்டோம். கதவுக்கு இரண்டு சாவி தந்தார்கள். நான் மூன்றாவதாக ஒன்று வெட்டுவித்து, பெட்டியண்ணையின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார்.

“பாரமில்லை” என்றார். “வாடகைக்குக் கட்டுமோ பிள்ளை? ஒரு பக்கத்திலை வெண்டிக்காயும் வையன்.”

“அண்ணை!”

“சரி, சரி. முதல் மேசை என்ன நாடு? உன்ரை இலங்கையோ?”

“அது ரெண்டாவது. முதல் ஸ்கொட்லாந்து.”

“அதுதான் சரி” என்றார். “ஒவ்வொண்டும் ஒவ்வொரு பாரம்.”

எங்கள் வழிக்குக் கிடங்கு யாரை அனுப்பப் போகிறது என்று தெரியவில்லை. யார் வந்தாலும் அவருக்கு இன்னொரு சாவி வெட்டிக் கொடுக்கலாம். நாளை கடை திறக்கிறோம். மேசையை அடுக்கி முடித்துவிட்டேன். கடலும் இரத்தமும் ஆட்டின் முகமும் அப்படியே உறையில்லாமல் கிடக்கின்றன. பெட்டிகளில் வந்த பழுப்புக் காகிதத்தையெல்லாம் முழங்காலில் வைத்து நீவி, மேசைக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

சாவி பெட்டியண்ணையிடம் இருக்கிறது.